கானலும் பதிவெண்ணும்

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற இரயில்வே கார்டு ஒருவர் இருக்கிறார், எழுபதைக் கடந்தவர். வெளிநாட்டில் பணிபுரியும் அவருடைய மகன் விடுமுறைக்கு வந்தபோது கொணர்ந்த கனத்த புகைப்பட நூல் ஒன்று சில மாதங்களாக அவர் வீட்டு மேசைமீது கிடந்தது. ஒருநாள் மாலை, நோயாளிகளைச் சந்தித்துவிட்டுத் திரும்புகையில் அங்கே சற்று அமர்ந்தேன். நூலைப் புரட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவர், "சாமி, மகன் இதை அருமையான புத்தகம்னு சொல்றான். படமெல்லாம் கலங்கலா இருக்கு. ஒண்ணுலயும் ஒரு நம்பர்கூடத் தெரியல. இதுக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டார். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பின்னர் நூலை இரவல் வாங்கி வந்து இரு வாரங்கள் பயின்றபோதுதான், அவர் கேட்டது எளிதில் தட்டிக் கழிக்கத்தக்க கேள்வியன்று என உணர்ந்தேன். அக்கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

நூலின் பெயர் 'இன்விசிபிள்'. 'கண்ணுக்குப் புலனாகாதவை' என்று தமிழ்ப்படுத்தலாம். 2010ஆம் ஆண்டு அப்பெர்ச்சர் நிறுவனம் வெளியிட்டது. படைத்தவர் ட்ரெவர் பாக்லன். 1974இல் பிறந்த அமெரிக்கர். புவியியலில் முனைவர் பட்டம் பெற்றுக் கலையுலகில் பெயர் நாட்டியவர். இரகசிய விமானத் தளங்கள், படைத்துறையின் சோதனைக் களங்கள், வேவுச் செயற்கைக்கோள்கள் என, எவற்றைப் பார்க்கலாகாது என்று அரசு விலக்கி வைத்துள்ளதோ அவற்றைச் சட்டத்தை மீறாமல் பார்க்க முயல்வதே இவர் தொழில். 'சட்டத்தை மீறாமல்' என்னும் தொடரை வாசகர் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன். வேலி தாண்டிச் சென்று படமெடுப்பதில் வீரம் இருக்கலாம். இவருடைய முயற்சியில் இருப்பது வேறொன்று: வேலிக்கு வெளியே, யாரும் நிற்கலாம் என்னும் பொது நிலத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்து ஒரு குடிமகனுக்கு எவ்வளவு தெரிகிறது என்று அளந்து பார்ப்பது.

அவர் நிற்கும் இடத்தை முதலில் அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் விமானப்படையின் பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். பிரிக்கப்படாத பழைய தஞ்சை மாவட்டத்தைவிடப் பெரியது. அதற்குள், குரூம் ஏரி என்னும் வறண்ட ஏரிப் படுகையை ஒட்டியதே 'ஏரியா 51' என உலகம் பேசும் தளம். அத்தளத்தை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆவணங்களை அமெரிக்க உளவுத்துறை வெளியிட்டது 2013இல்தான். ஆயினும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆர்வலர்கள், எல்லைக்கு வெளியே இருந்த இரு குன்றுகளின்மீது ஏறித் தளத்தைக் கண்டுவந்தனர். 1995இல் அரசு அவ்விரு குன்றுகளையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. பார்வையைத் தடுக்கச் சுவர் எழுப்புவதைவிட, பார்ப்பவன் கால் வைக்கும் மண்ணை எடுத்துக்கொள்வது எளிது போலும்! அதன்பின் பொதுமக்களுக்கு எஞ்சிய மிக அருகிலான இடம் டிக்கபூ சிகரம். அங்கிருந்து தளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர்.

அத்தொலைவிலிருந்து சாதாரணக் கேமரா எதையும் காட்டாது. எனவே பாக்லன் வானியலார் பயன்படுத்தும் தொலைநோக்கிகளைக் கேமராவுடன் பொருத்துகிறார். குவியத் தூரம் 1300 மில்லிமீட்டரிலிருந்து 7000 மில்லிமீட்டர் வரை. திருவிழாவில் நம் புகைப்படக்காரர் தோளில் தொங்கும் நீண்ட வில்லைகூட 200 அல்லது 300 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். வானத்தை நோக்கித் திருப்பும்போது தொலைநோக்கி ஒரு சில கிலோமீட்டர் அடர்ந்த காற்றைத் துளைத்தால் போதும். அதற்கப்பால் காற்று மெலிந்துவிடுகிறது. தரையோடு தரையாகத் திருப்பினாலோ 40, 60 கிலோமீட்டர் தூரமும் வெயிலில் கொதிக்கும் அடர்காற்றே. வியாழன் கோளைப் படமெடுப்பது எளிது. பக்கத்துப் பாலைவனத்தில் நிற்கும் விமானக் கொட்டகையைப் படமெடுப்பது அரிது. விளைவாக நமக்குக் கிடைப்பவை கானல் படிந்த படங்கள். யூட்டா மாநிலத்தில் டக்வே என்னுமிடத்திலுள்ள இரசாயன, உயிரியல் ஆயுதச் சோதனைக் களத்தை ஏறத்தாழ 67 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்திருக்கிறார். ஈரத் தாளில் நீர்வண்ணம் கசிந்தாற்போல வண்ணப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருகி நிற்கின்றன; எது கட்டடம், எது மண் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. கார்டு ஐயா 'கலங்கல்' என்றது இதைத்தான்.

கலை விமர்சகர்கள் இக்கலங்கலைப் போற்றுகின்றனர். அறிதலின் எல்லையையே இப்படங்கள் காட்டுகின்றன என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின் படத்தைவிடப் படத்தின் கீழுள்ள வரிகளே என்னைக் கவர்ந்தன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் இடத்தின் பெயர், அங்கிருந்து கேமரா நின்ற தொலைவு, எடுத்த மணி நிமிடம் ஆகியவற்றைப் பாக்லன் எழுதிவிடுகிறார். 'ஏறத்தாழ 42 மைல், முற்பகல் 11:17' என்கிற பாணியில். இது கலைஞனின் தலைப்பன்று, சாட்சியின் வாக்குமூலம். நான் இங்கே நின்றேன், இவ்வளவு தொலைவில் நின்றேன், இந்நேரத்தில் நின்றேன், இவ்வளவே கண்டேன் என்னும் நாணயம் அதில் இருக்கிறது. தான் காணாததைக் கண்டதாகச் சொல்லாத நாணயம் அது.

நூலின் குறையும் அருகிலேயே இருக்கிறது. கானல் அழகாக இருக்கிறது. மிகமிக அழகாக இருக்கிறது. பாக்லனுக்கும் அது தெரிந்திருக்கிறது. 2010 அளவில் அவர் எடுத்த ஆளில்லா விமானப் படங்களில் இது முற்றிப்போயிற்று. செக்கர் வானம், அல்லது மஞ்சளும் நீலமும் குழைந்த வைகறை. அதன் ஒரு மூலையில், கொசுவோ தூசியோ என ஐயுறும் அளவில் ஒரு புள்ளி. அப்புள்ளிதான் 'ரீப்பர்' என்னும் கொலைக்கருவி. ஆங்கில ஓவியர் டர்னரின் வானங்களை நினைவூட்டும் இப்படங்கள் கண்காட்சிச் சுவர்களை அலங்கரிக்கின்றன. புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி பிறக்கிறதே, அம்மகிழ்ச்சிதான் எனக்கு உறுத்துகிறது. அக்கருவிகள் எங்கோ ஒரு கூரைமேல் வட்டமிடும்போது கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அதே புள்ளி எவ்வாறு தோன்றும் என்னும் எண்ணத்தை வானத்தின் நிறங்கள் மூடிவிடுகின்றன. புள்ளி மறைந்து, வானம் மிஞ்சுகிறது.

கலங்கல் என்பது எப்போதும் உண்மைக்குத் துணை நிற்பதன்று என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. ரேடாருக்குத் தப்பும் எஃப்-117 விமானம் முதன்முதலில் பறந்தது 1981இல். நெவாடாவின் டோனோபா தளத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் இரவில் மட்டுமே பறக்கவிட்டனர். 1988 நவம்பரில்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதன் முதல் படத்தை வெளியிட்டது. அப்படமும் மங்கலான படம். விமானத்தின் உண்மையான கோணங்களை எவரும் கணித்துவிடாதபடி தெரிவுசெய்து வெளியிடப்பட்ட மங்கல் அது. (இடையில் 1986இல் ஒரு பொம்மை நிறுவனம் தன் கற்பனையிலிருந்தே 'எஃப்-19' என்று ஒரு மாதிரியைச் செய்து விற்றது. வளைவும் நெளிவுமாக மிக அழகான விமானம்! உண்மை விமானமோ பட்டை தீட்டிய கல்லைப்போல் தட்டையான முகங்களால் ஆனது என்பது பின்னர் தெரிந்தது.) ஆக, மறைப்பவனும் மங்கலையே தருகிறான், மறைப்பை எதிர்ப்பவனும் மங்கலையே தருகிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது மறைக்கிறது, எது காட்டுகிறது என்று வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. பாக்லனின் படத்துக்கு அதன் கீழுள்ள வரிகள் இருக்கின்றன, அவ்வளவே வேறுபாடு.

இந்நூலை நான் தனியே படிக்கவில்லை. வேறொரு வகைப் புகைப்படங்களையும், அவற்றை எடுப்போர் பட்ட பாட்டையும் மனத்தில் வைத்தே படித்தேன். விமான நிலையங்களின் வேலியோரம், மழையிலும் வெயிலிலும், சிறு ஏணி, குறிப்பேடு, கேமரா சகிதம் நாள்முழுதும் நின்று, வந்துபோகும் ஒவ்வொரு விமானத்தின் பதிவெண்ணையும் குறித்துக்கொள்வோர் ஐரோப்பாவில், சிறப்பாகப் பிரிட்டனில், பல்லாயிரம் பேர். இப்பழக்கத்துக்கு நம் மொழியில் பெயரில்லை. கூட்ஸ் வண்டி போகையில் பெட்டிகளை எண்ணும் சிறுவர்களும், பேருந்தின் எண்ணைச் சொன்னதும் எந்த ஊர்ப் பணிமனை என்று சொல்லும் இளைஞர்களும் நம்மிடையே இருந்தும், அதற்கொரு பெயர் வைக்க நமக்குத் தோன்றவில்லை. 'வேலையற்ற வேலை' என்று ஒதுக்கிவிட்டோம். பிரிட்டனில் இதற்கு வித்திட்டதோ அரசே. இரண்டாம் உலகப் போரில், வானில் வருவது நம்முடையதா பகைவருடையதா என்று பார்த்துச் சொல்லக் குடிமக்கள் பழக்கப்படுத்தப்பட்டனர். 1941இல் அதற்கெனவே ஓர் இதழும் தொடங்கப்பட்டது. போர் முடிந்தது, கண்கள் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

இவர்கள் எடுக்கும் படங்களில் கலை இல்லை. விமானம் பக்கவாட்டில், முழுமையாக, வெளிச்சம் நன்றாக விழும்படி நிற்க வேண்டும். வாலில் எழுதிய எண் வாசிக்கும்படி இருக்க வேண்டும். இவ்விரண்டு விதிகளே இவர்களுடைய அழகியல். ஒரே மாதிரியான ஆயிரம் படங்களைப் பார்த்தால் நமக்கு அலுப்புத் தட்டும். அவர்களுக்குத் தட்டுவதில்லை.

2001 நவம்பரில் இவர்களுள் பதினால்வர், பிரிட்டானியர் பன்னிருவரும் டச்சுக்காரர் இருவரும், கிரேக்க நாட்டின் விமானப்படைத் தளங்களைக் காணும் சுற்றுலாவில் இருந்தபோது கலமாட்டா என்னும் ஊரில் கைது செய்யப்பட்டனர். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. குற்றச்சாட்டு உளவு. அவர்கள் குறித்துவைத்திருந்த விமான எண்களே அவர்களுக்கு எதிராக நின்றன. ஐந்து வாரங்களுக்கு மேல் சிறையிலிருந்து, பிணையில் வெளிவந்தனர். 2002 ஏப்ரலில் எண்மருக்கு மூன்றாண்டுச் சிறையும், உடந்தை என்று அறுவருக்கு ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

ஓராண்டுக் காலம் இரு நாடுகளின் இதழ்கள் இதைப் பற்றி எழுதின. பிரிட்டானியருக்கு இது நகைப்புக்கிடமான கொடுமை. கிரேக்கருக்கோ விளங்காப் புதிர். எதிரிகள் சூழ்ந்த நாடு என்று தன்னை எண்ணும் ஒரு தேசத்தில், அயலார் கூட்டமொன்று தளத்தின் வேலியோரம் வந்து, பயிற்சி விமானங்களின் எண்களை ஒன்றுவிடாமல் எழுதுகிறது. 'எதற்காக?' என்று கேட்டால் விடை இல்லை. விற்பதற்கில்லை, யாருக்கும் தருவதற்கில்லை, பட்டியலில் ஒரு கோடு போட்டு மகிழ்வதற்கு. நம் மொழியில் இப்பழக்கத்துக்குத்தான் பெயரில்லையே தவிர, இதன் காரணத்துக்கு நேர்த்தியான சொல் ஒன்று உண்டு: சும்மா. 'சும்மா பார்த்தோம்.' எந்த நீதிமன்றமும் ஏற்கத் தயங்கும் விடை அது.

தயங்குவதற்கும் காரணம் உண்டு. இராணுவ இரகசியம் பற்றிய சட்டங்கள் செயலைவிட நோக்கத்தையே துருவுகின்றன. நம் நாட்டின் அரசாங்க இரகசியச் சட்டம் 1923ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்டது. தாய்ச் சட்டத்தைப் பிரிட்டன் 2023இல் நீக்கிப் புதுச் சட்டம் செய்துகொண்டது. நாமோ அதன் பிள்ளையை இன்னும் பேணி வருகிறோம். அச்சட்டத்தில் 'வரைபடம்' என்னும் சொல்லுக்குள் புகைப்படமும் அடங்கும் என்றே விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. 'தடைசெய்யப்பட்ட இடம்' என்பதற்குள் விமானப்படை நிலையம் மட்டுமன்று, அரசின் விமானமே அடங்கும். நாட்டின் நலனுக்கு மாறான நோக்கத்தோடு அத்தகைய இடத்தை அணுகுவதோ, பகைவனுக்குப் பயன்படக்கூடிய படத்தை ஆக்குவதோ, படைத்துறை சார்ந்ததாயின் பதினான்கு ஆண்டுவரை சிறைக்குரியது. அந்நோக்கம் இருந்ததெனக் காட்டக் குறிப்பிட்ட செயல் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சூழ்நிலையும், ஆளின் நடத்தையும், அவனைப் பற்றி அறியப்பட்ட குணமுமே போதும். 'சும்மா' என்னும் சொல் அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கும் இதில் சிறு அனுபவம் உண்டு. 1990களின் தொடக்கத்தில், குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், இரவல் கேமராவுடன் நண்பர் இருவரோடு சைக்கிளில் சென்றுகொண்டிருந்தேன். சாலையோர மதிலுக்கு மேலாக இராணுவ விமானமொன்று எழும்பவும், என்னை அறியாமல் கேமராவைத் தூக்கினேன். காவலர் ஒருவர் ஓடிவந்தார். மரியாதையாகவே பேசினார், குடிக்கத் தண்ணீர்கூடத் தந்தார். ஆனால் பிலிம் சுருளை உருவி வெயிலில் பிடித்துவிட்டார். அதில் என் தோழன் ஒருவனின் திருத்தொண்டர் பட்ட விழாப் படங்கள் இருந்தன. பேரனின் தலையில் கைவைத்து நின்ற அவன் பாட்டியின் படமும் அச்சுருளிலேயே இருந்தது. மறுபடி எடுக்க அந்த அம்மா நெடுநாள் இருக்கவில்லை. காவலர்மீது அன்றும் எனக்குச் சினமில்லை; அவர் கடமையை அவர் செய்தார். விமானத்தின் படமோ, என் கை நடுங்கிய நடுக்கத்தில், எப்பகைவனுக்கும் பயன்பட்டிருக்காது.

தடையெல்லாம் மடமை என்று சொல்ல நான் முன்வரவில்லை. உக்ரைன் நாடு 2022 மார்ச்சில், படைகளும் தளவாடங்களும் இருக்குமிடத்தைப் படமெடுத்துப் பரப்புவதைக் குற்றமாக்கியது. சன்னலிலிருந்து எடுத்த ஒரு படம் வெளியான சிறிது நேரத்தில் அதே தெருவில் குண்டு விழக்கூடிய காலம் இது. அங்கே அத்தடை உயிர்காக்கும் தடை. இன்னொரு புறம், வணிகச் செயற்கைக்கோள்கள் உலகின் விமானத் தளங்களை மேலிருந்து நாள்தோறும் படமெடுத்துக் காசுக்குத் தருகின்றன. கீழே மதிலில் மட்டும் 'புகைப்படம் எடுக்காதீர்' என்னும் பலகை துருவேறித் தொங்குகிறது. அரசுகளே நாள் குறித்து அழைத்து விமானங்களைக் காட்டுவதும் உண்டு. 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாவில் நம் விமானப்படை தன் 92ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி நிகழ்த்திய சாகசத்தின்போது, கடற்கரையில் திரண்ட இலட்சக்கணக்கானோர் கையிலெல்லாம் கேமரா. பிரிட்டனின் வேல்சு மலைகளில் இன்னும் விந்தை: தரையிலிருந்து 250 அடி உயரம்வரை தாழ்ந்து பறக்கும் போர் விமானங்களை, பொதுவழி செல்லும் மலைச்சரிவில் நின்று மேலிருந்து கீழாகவே படமெடுக்கிறார்கள், ஒருவரும் தடுப்பதில்லை. ஆகவே விமானத்தைப் பார்ப்பது அன்று பிழை. எப்போது, எங்கிருந்து, எந்த விமானத்தைப் பார்க்கலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதே வழக்கு.

இனி, பாக்லனின் நூலோடு எடைபோட்டுப் பார்க்க நான் விரும்பும் படத்துக்கு வருகிறேன். 2004 சனவரியில் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவிலுள்ள பால்மா விமான நிலையத்தில், உள்ளூர்ப் பொழுதுபோக்குப் படக்காரர் ஒருவர், வந்து நின்ற போயிங் 737 விமானம் ஒன்றை வழக்கம்போல் படமெடுத்துப் பொதுப் பார்வைக்கு வைத்தார். பதிவெண் என்313பி. அவருக்கு அதில் தனிச் சிறப்பேதும் தெரிந்திருக்கவில்லை. அவ்விமானம் 23ஆம் நாள் அங்கிருந்து மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகருக்குச் சென்றது.

ஸ்கோப்யேயில் காத்திருந்தவர் காலித் எல்-மசுரி. லெபனான் வழிவந்த ஜெர்மன் குடிமகன். 2003ஆம் ஆண்டின் கடைசி நாளன்று பேருந்தில் எல்லையைக் கடந்தபோது, தேடப்பட்ட வேறொருவரின் பெயரோடு தம் பெயர் ஒத்திருந்தமையால் பிடிபட்டு, விடுதி அறையொன்றில் 23 நாள்கள் அடைக்கப்பட்டிருந்தார். விமான நிலையத்தில் அவரை அடித்து, ஆடை கிழித்து, முகம் மூடி, அமெரிக்க உளவுத்துறையினர் அவ்விமானத்தில் ஏற்றினர். காபூல் அருகே இரகசியச் சிறையில் நான்கு மாதங்கள். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பின், 2004 மே மாதத்தில் அல்பேனியாவின் மலைப்பாதை ஒன்றில் இறக்கிவிடப்பட்டார். ஊர் திரும்பி அவர் சொன்னதை எளிதில் நம்பத்தக்க கதையாக யார் கொள்வார்?

அவர் சொன்ன நாளும் இடமும் விமானத்தின் பயணத்தோடு பொருந்தியதை இதழாளர்கள் கண்டுபிடித்தனர். ஸ்டீபன் கிரே எழுதிய 'கோஸ்ட் பிளேன்', பாக்லனே ஏ. சி. தாம்சனுடன் சேர்ந்து எழுதிய 'டார்ச்சர் டாக்ஸி' ஆகிய நூல்கள் 2006இல் வந்தன. பறந்த வழிகளின் பதிவுகளோடு, வேலியோரப் படக்காரர்களின் குறிப்புகளும் படங்களும் அந்தத் தேடலுக்கு நூல்முனைகளாயின. 2012 டிசம்பர் 13ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், எல்-மசுரி சொன்னது மெய்யெனக் கொண்டு, விமான நிலையத்தில் அவருக்கு நேர்ந்தது சித்திரவதையே என்று தீர்ப்பளித்து, மாசிடோனியா 60,000 யூரோ தர வேண்டுமென ஆணையிட்டது.

நான் காண விரும்பும் முரண் இங்கேதான் இருக்கிறது. கலமாட்டாவில் எந்தச் 'சும்மா' ஐயத்துக்குரியதாயிற்றோ, அதே 'சும்மா'தான் பால்மாவில் சாட்சியத்தின் வலிமையாயிற்று. படமெடுத்தவருக்கு எல்-மசுரியைத் தெரியாது; உளவுத்துறைமேல் பகையில்லை; மெய்ப்பிக்க வேண்டிய கருத்தொன்றும் இல்லை. எல்லா விமானத்தையும் எடுப்பவர் இதையும் எடுத்தார். வேண்டியதை மட்டும் தேடிச் சென்றவரின் படமாக இருந்தால், 'நீ காண விரும்பியதைக் கண்டாய்' என்று வாதாடலாம். எதையும் விரும்பாமல் எல்லாவற்றையும் குறித்தவரிடம் அவ்வாதம் எடுபடாது. பாக்லனின் படங்களில் இல்லாதது இதுவே. அவர் மறைவைத் தேடிச் செல்கிறார், மறைவைக் காண்கிறார், மறைவு அழகாக இருக்கிறது. அவருடைய ஆய்வு நூலையும் கலை நூலையும் ஒப்பிட்டால், ஆய்வு நூலே உயர்ந்தது என்பது என் கணிப்பு. கலை நூலை மட்டும் கண்டவர்கள் அவரைக் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

அவருக்கு இது தெரியாததன்று. உளவுத்துறையின் விமானங்களுக்கு உரிமையாளராகக் காட்டப்பட்ட போலி நிறுவனங்களின் தாள்களிலிருந்து கையொப்பங்களைத் திரட்டி அவர் ஒரு வரிசை செய்திருக்கிறார். ஒரே பெயர் தாளுக்குத் தாள் வேறுவேறு கையெழுத்தில் இடப்பட்டிருக்கிறது. இல்லாத ஒருவருக்குப் பலர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அதில் வானமில்லை, கானலில்லை. வெறும் மையும் தாளும். அவருடைய ஆக்கங்களுள் என் நெஞ்சைத் தொட்டது அதுவே. அழகு விலகி நிற்கும்போது அவர் கை எவ்வளவு உறுதியாக இருக்கிறது!

நூலைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பால்மாப் படத்தின் அச்சுப்படி ஒன்றையும் எடுத்துச் சென்றேன். கதை எதையும் சொல்லவில்லை. கார்டு ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைச் சன்னலோரம் பிடித்து, வால் பக்கம் விரலை வைத்து, "என்... மூணு ஒண்ணு மூணு... பி" என்று வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"எந்த ஊர்ல நின்னுது சாமி? எத்தனை மணிக்குக் கிளம்புச்சு?"